கோணமாமலையில் கேட்ட தேவாரம்

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்குச் சம்பந்தர் என்றால் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள்தான். காலையில் குளக்கரையில், இறந்துபோன பூம்பாவையைச் சம்பந்தர் தேவாரம் பாடி உயிர்ப்பிக்கும் நிகழ்ச்சி, மாலையில் அறுபத்து மூவர். மாட வீதிக் கூட்டத்தில் இடிபட்டு, நீர்மோர் வாங்கிக் குடித்து, எத்தனையோ வருடம் பார்த்தாயிற்று. அதே சம்பந்தர் ராமேஸ்வரத்தில் நின்றபடி, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இருக்கும் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடினார் என்பது வரலாறு. அவர் கடல் தாண்டவில்லை. நாமாவது போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். போன ஆவணியில் கைகூடியது.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் இருப்பதால் பயணம் சுலபம். கிளம்பி உட்கார்ந்தோம், இறங்கிவிட்டோம். நல்லூரில் திருவிழா முடிந்து வீதியெல்லாம் கொஞ்சம் அமைதியாக இருந்தது. அங்கே அர்ச்சனைச் சீட்டு இன்றைக்கும் ஒரு ரூபாய்தான். அந்தச் சின்னச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முருகன் முன்னால் நின்றபோதே மனசு நிறைந்துவிட்டது. மறுநாள் ஒரு வேன் பிடித்துத் திருகோணமலைக்குப் புறப்பட்டோம்.

வேன் ஓட்டிய தம்பிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அதிகம் பேசவில்லை. வழியில் சாப்பிட நிறுத்தியபோது, “கோயிலுக்குப் போய் வந்து சாப்பிடுறன் அம்மா, நீங்கள் சாப்பிடுங்கோ” என்று பிளேன்டீயோடு நிறுத்திக்கொண்டான்.

கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள் நுழைந்துதான் ஏற வேண்டும். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் மான்கள் நம் ஊர் ஆடுமாடு மாதிரி நிழலில் படுத்திருக்கின்றன. பழைய கோயிலை 1622-இல் போர்த்துகீசியர் இடித்து, அந்தக் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினார்கள். அடியார்கள் பூமிக்குள் ஒளித்து வைத்த செப்புத் திருமேனிகள் 1950-இல் மண்ணைத் தோண்டும்போது வெளிப்பட்டன. இப்போது இருக்கும் கோயில் அதற்குப் பின் எழுந்தது. இதைக் கேட்டபோது எனக்கு நம் மயிலாப்பூர்க் கபாலீச்சரம்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் கடற்கரையில் இருந்த கோயில், அதுவும் போர்த்துகீசியர் காலத்தில் போனது என்று எங்கள் தாத்தா சொல்வார். “ஊர்திரை வேலை உலாவும் உயர்மயிலை” என்று சம்பந்தரே பாடியிருக்கிறாரே. இரண்டு கோயிலுக்கும் ஒரே கடல்தான்.

உச்சிக்கால பூஜை. தீபாராதனை முடிந்தது. நான் பழக்க தோஷத்தில் திருநீறு வாங்கக் கையை நீட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தேன். யாருமே நகரவில்லை. குருக்கள் திரும்பி, கூடியிருந்தவர்களைப் பார்த்தார். “பஞ்சபுராணம் பாடுறவை பாடுங்கோ.”

சட்டையைக் கழற்றி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தது எங்கள் வேன் தம்பி. ஆணி அடித்த மாதிரி நின்றான். கூப்பிய கையில் கட்டைவிரல் நகத்தோரம் கிரீஸ் கறை. “திருச்சிற்றம்பலம்” என்று தொடங்கி, “நிரைகழல் அரவஞ் சிலம்பொலி அலம்பும்” என்று எடுத்தான். கச்சேரிக் குரல் இல்லை. சுருதிப் பெட்டி இல்லை. ஆனால் ஓர் எழுத்து பிசகவில்லை. “குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்” என்று அவன் பாடும்போது கீழே பாறையில் கடல் மோதும் சத்தம் நிஜமாகவே கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சம்பந்தர் எட்ட நின்று பாடிய கடல் இது.

அவன் முடித்ததும் கூட்டத்திலிருந்து ஒரு வயதான அம்மா திருவாசகம் எடுத்தார். பிறகு யாரோ ஒருவர் திருவிசைப்பா, ஒரு பள்ளிக்கூடப் பையன் திருப்பல்லாண்டு, கடைசியில் பெரியபுராணப் பாட்டு. தேவாரத்தோடு சேர்த்து இந்த ஐந்தும்தான் பஞ்சபுராணம். ஓதுவார் என்று தனியாக ஒருவரும் இல்லை. வந்தவர்களே பாடினார்கள். தேவாரம் பாட ஆள் இருக்கிறார், நமக்கு என்ன என்று பிரசாத வரிசைக்கு ஓடிய என் இத்தனை வருடமும் கண் முன்னால் வந்தது.

வெளியே வந்ததும் தம்பியிடம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். “பள்ளிக்கூடத்தில பாடமாக்கினது அம்மா. சமயம் ஒரு பாடம்தானே, எல்லாருக்கும் தெரியும்” என்றான், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

திருவாசகம் பாடிய அம்மா படியில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறிப் பாடசாலையில் பிள்ளைகளுக்குத் திருமுறை சொல்லிக்கொடுக்கிறார். பையிலிருந்து ஒரு கொப்பியை, அதாவது நம் ஊர் நோட்டை, எடுத்துக் காட்டினார். செய்தித்தாள் அட்டை போட்டு, முனையெல்லாம் கறுத்துப்போன கொப்பி. 1990-இல் போரால் இடம்பெயர்ந்தபோது முகாமில் புத்தகம் இல்லாததால், ஞாபகத்திலிருந்து தேவாரங்களை எழுதி அதை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். 2004 சுனாமியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து கொப்பி நனைந்துவிட்டது. காயவைத்து, கரைந்துபோன எழுத்தின் மேலேயே வேறு மையால் திரும்ப எழுதியிருக்கிறார். ஊதாக் கறையின் மேல் கறுப்பு எழுத்து. தாளைத் தொட்டால் மொரமொரவென்று உப்புப் பிடித்த மாதிரி இருந்தது.

“டீச்சர், புதுசாக ஒன்று வாங்கி எழுதலாமே?”

“வீட்டில ரெண்டு இருக்கு பிள்ளை. இதுதான் என்னோட வந்தது.”

அப்புறம் ஊரைக் கேட்டார். மயிலாப்பூர் என்றதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “பூம்பாவை ஊரோ! அந்தத் தேவாரத்தை அங்கத்தை ஆள் பாடிக் கேட்கோணும் எண்டு எனக்கு எவ்வளவு நாள் ஆசை. பாடுங்கோ பிள்ளை.”

“மட்டிட்ட புன்னையங் கானல்” என்று தொடங்கினேன். இரண்டு அடிக்கு மேல் வரவில்லை. தினமும் பூம்பாவை சந்நிதியைக் கடந்து போகிறவள் நான். டீச்சர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அவரே எடுத்துப் பாடினார். நானும் கூடவே முணுமுணுத்தேன். பதினொரு பாட்டும் முடியும்வரை கையை விடவில்லை.

கிளம்பும்போது வாட்ஸ்அப் எண் கொடுத்தார். மாதம் ஒரு பாட்டு, பாடமாக்கிப் பாடி அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம். முதல் பாட்டுக்கே நான்கு முறை திருத்தினார். “புன்னையங் கானல் எண்டு சேர்த்துப் பாடுங்கோ பிள்ளை, மூச்சை அங்க விடாதேங்கோ.” சமையல்கட்டில், பேருந்து நிறுத்தத்தில், குளக்கரை மண்டபத்தில் என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக வந்தது.

மாசி மகத்துக்கு ஆறாவது பாட்டு. “மடலார்ந்த தெங்கின் மயிலையார் மாசிக் கடலாட்டு” வரும் பாட்டு. அதை வீட்டுக்குள் பாட மனசு வரவில்லை. சுவாமி தீர்த்தவாரிக்கு மெரினாவுக்கு எழுந்தருளியபோது, ஈர மணலில் நின்று பாடி அனுப்பினேன். மேளமும் அலையும் சேர்ந்து பாதிக் குரலை முழுங்கிவிட்டன. மறுபடி பாடச் சொல்வார் என்றே நினைத்தேன்.

ராத்திரி டீச்சரின் குரல் வந்தது. “எழுத்து சரி பிள்ளை. இன்னொருக்கா அந்தக் கரையில நிண்டு பாடி அனுப்புங்கோ. கடல் சத்தத்தோட பிள்ளையளுக்குப் போட்டுக் காட்டோணும்.”