வாடைக்கு முன்

ஒக்டோபர் 3
தென்மேற்குக் கச்சான் காற்று அடங்கி, காற்றில் ஈரம் ஏறிவிட்டது. வடகிழக்கு மழைக்காற்றான வாடை பிடிக்கிறதுக்குள் அந்தப் பழைய இசைத்தட்டுப் பெட்டி முழுவதும் கழுவி, காய்ந்து, புது உறைக்குள் போய்விட வேண்டும். மேலே ரொக் எல்பிகள் (வினைல் பிளாஸ்டிக்கில் செய்த நீண்டநேரத் தட்டுகள்), அடியில் 78கள் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள்). 78களை முதலில் ஒதுக்க வேண்டும். அவை வினைல் இல்லை, அரக்கு. அல்ககோல் பட்டால் கரையும்.

ஒக்டோபர் 4
பிளேயருக்குக் கேட்ட புது ஊசி வரவில்லை.

ஒக்டோபர் 6
கலவை: பெற்றோல் ஷெட்டில் விற்கும் பற்றரித் தண்ணீர் 750 மி.லீ., ஐசோபுரோப்பைல் அல்ககோல் 250 மி.லீ., நிறமும் வாசனையும் இல்லாத திரவச் சவர்க்காரம் இரண்டு மூன்று துளி. பற்றரி அசிட்டும் அதே தட்டில்தான் இருக்கும், லேபிலை வாசித்து எடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கல்லடிப் பக்கத்துக் கரையோரக் கிணறுகளில் உவர். காய்ந்தால் உப்பு தடத்துக்குள், அதாவது ஊசி ஓடும் மெல்லிய பள்ளத்துக்குள், நின்றுவிடும்.

மெல்லிய தூரிகையால் தடம் ஓடும் திசையிலேயே சுற்றித் தேய்க்க வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது. நடு லேபில் நனையக் கூடாது. பிறகு வெறும் பற்றரித் தண்ணீரால் இன்னொரு முறை. இந்த இரண்டாம் கழுவலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அழுக்குக் கரைசல் தடத்துக்குள்ளேயே காய்ந்தால், கழுவாத தட்டைவிட மோசமாகப் பொரியும் சத்தம் வரும். நிமிர்த்தி வைத்து நிழலில் காயவிட வேண்டும். வெயில் கூடவே கூடாது, வளைந்துவிடும்.

பூஞ்சை பிடித்தவை தனி. வீட்டுக்கு வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு, முதலில் உலர்ந்த துணியால் துடைப்பு. பழைய கடதாசி உள்ளுறை நேரே குப்பைக்கு. அதைத் திரும்பப் போட்டால் கழுவியது வீண், வித்து அந்தக் கடதாசியில்தான் இருக்கிறது.

ஒக்டோபர் 7
பீவீசீ பிளாஸ்டிக் உறைக்குள் வருடக்கணக்கில் கிடந்த தட்டு ஒன்று. பால் படிந்த மாதிரி மங்கல். இது அழுக்கு இல்லை, உறையிலிருந்து கசிந்த இளக்கி (பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் பொருள்) வினைலோடு சேர்ந்தது. கழுவினாலும் போகாது. பொலித்தீன் உள்ளுறை மட்டும்தான் இனி.

ஒக்டோபர் 11
பீட்டில்ஸின் அபே ரோட் எல்பி. டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், லேபிலைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் எண் தெரிகிறது: ஒரு பக்கம் வைஈஎக்ஸ் 749, மறுபக்கம் 750. லேபிலில் இந்தியத் தயாரிப்பு என்று இருக்கிறது. 1969இன் பிரித்தானிய முதல் அச்சில் கடைசிக் குட்டிப் பாட்டின் பெயர் உறையில் இல்லை. அந்த முதல் அச்சைத் தேடுகிறவர்கள் இந்த இந்தியத் தட்டைத் தொடமாட்டார்கள். கல்கத்தா டம் டம் ஆலைத் தட்டு என்றதும் முகம் சுழிப்பது நியாயமே இல்லை. கெட்ட அச்சும் உண்டு, அருமையான அச்சும் உண்டு. மேற்பரப்பைப் பார், ஓரத்தைப் பார், பிறகு பேசு.

இதன் தடம் எப்படி என்று ஊசி வந்தால்தான் தெரியும்.

ஒக்டோபர் 14
கல்முனையில் ஒரு ஜப்பான் டேர்ன்டேபிள் (தட்டைச் சுழற்றும் பிளேயர்). பின்தட்டில் 100 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். "ட்ரான்ஸ்போமர் போட்டாச் சரி காக்கா" என்று கடைத் தம்பி சொல்கிறார். வோல்ட்டுக்குச் சரி. ஹெர்ட்ஸை ட்ரான்ஸ்போமர் மாற்றாது. ஏசி மோட்டாரும் பெல்ட்டும் உள்ள மெஷினை 60க்குச் செய்த கப்பியோடு நம் நாட்டு 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், நிமிடத்துக்கு 33⅓ சுற்றுவது 28க்குக் கீழே இறங்கும். பாடகர் குரல் தடித்துவிடும், கிட்டார் உறங்கும். 50க்கான கப்பி கிடைத்தால் வாங்கலாம். டிசி மோட்டார் என்றால் இந்தக் கவலையே இல்லை. மூடியைத் தூக்கியபோது பெல்ட் தார் மாதிரி உருகிக் கப்பியில் ஒட்டியிருந்தது. அது பெரிய விசயமில்லை, அல்ககோலால் துடைத்துப் புது பெல்ட் போட்டால் முடிந்தது.

ஒக்டோபர் 15
வேகத்தைச் சரிபார்க்க 180 புள்ளி உள்ள வட்டம் அச்சடித்து, மெயின் கரண்டில் எரியும் பழைய குண்டு பல்பின் கீழ் சுற்றவிட வேண்டும். புள்ளிகள் அசையாமல் நின்றால் 33⅓ சரி. 216 புள்ளி வட்டம் 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு.

ஒக்டோபர் 19
ஊசி இல்லை. பழைய ஊசியால் ஒரு பக்கம் மட்டும் என்று மனம் இழுக்கிறது. முடியாது. தேய்ந்த வைரத்தின் இரு பக்கமும் தட்டையாகி விளிம்பு கூர்ந்துவிடும். முதலில் சிதைவது உயர்ந்த ஒலிகள். ஊசி தட்டை அழுத்தும் எடையைக் குறைத்தால் தட்டு தப்பும் என்பதும் பொய். குறைந்த எடையில் ஊசி தடத்துக்குள் துள்ளிச் சுவரை இடிக்கும்.

அதனால்தான் பழைய தட்டு வாங்கும்போது உட்பக்கக் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேட்க வேண்டும். அங்கே "ஸ" ஒலி எச்சில் தெறிப்பதுபோல் வந்தால் தடம் தேய்ந்தது. எந்தக் கழுவலும் அதை மீட்காது.

ஒக்டோபர் 23
மழை கொட்டுகிறது. ஒன்றையும் உறையை விட்டு எடுக்கவில்லை.

ஒக்டோபர் 24
தட்டுகளை வெளிச்சுவரில் சாய்க்கக் கூடாது, சுவர் வியர்க்கிறது. அலுமாரியின் அடித்தட்டு நிலத்திலிருந்து இரண்டடி மேலே. 1978 சூறாவளியும் 2004 கடலும் பார்த்த ஊர் இது. பெட்டியில் சில உறைகளின் அடிப்பாதியில் மண்கறை நேர்கோடாக நிற்கிறது. உள்ளே தட்டுக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் வினைலைத் தின்னாது, அட்டையைத்தான் தின்னும். உறை போனதென்று தட்டை எறிந்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஈரமானி 78 வீதம் காட்டுகிறது. சிலிக்கா ஜெல் நீலம் மாறி இளஞ்சிவப்பாகிவிட்டது. அடுப்பில் வறுத்துத் திரும்பப் போட வேண்டும்.

ஒக்டோபர் 28
லெட் செப்பலின் இரண்டாம் எல்பி, அமெரிக்க அச்சு என்று ஒருவர் பெரிய விலை சொல்கிறார். ரொபர்ட் லட்விக் மூலத் தடத்தை வெட்டிய 1969 அச்சென்றால் வெற்று வளையத்தில் ஆர்எல் என்று கீறியிருக்கும். மலிவு பிளேயர்களில் ஊசி குதித்ததால் அதை மாற்றி வெட்டினார்கள். உறைப் படம் எனக்கு வேண்டாம், வளையத்தின் படம் வேண்டும். கேட்டிருக்கிறேன்.

ஒக்டோபர் 30
ஊசி வந்துவிட்டது! ஏடி-விஎம்95ஈ, ஊசியோடு கூடிய கார்ட்ரிஜ். அழுத்தும் எடை 1.8 முதல் 2.2 கிராம் வரை, 2.0இல் வைத்தாயிற்று. கார்ட்ரிஜைத் தாங்கும் ஹெட்ஷெல் திருகை இறுக்குமுன் ஊசியின் நீட்சியை அளவுத்தாளில் பார்த்து, இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிஜ் கோட்டுக்கு இணையாக நின்ற பிறகுதான் முழு இறுக்கம். முதலில் இறுக்கிவிட்டுப் பார்த்தால் எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து. கரண்ட் போய்விட்டது, ஊசிக்கை உள்நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் அன்ரி-ஸ்கேட் நாளை.