கைரேகை தர மறுத்த ஊர்

1986-ல் நாங்கள் மதுரை புதூரில் குடியிருந்தோம். மாடி அறை காலியாக இருந்தது. வேலை கிடைத்து மதுரைக்கு வந்திருந்த ஓர் இளைஞர் வாடகைக்குக் கேட்டு வந்தார். அப்பா அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, சொந்த ஊர் எது என்று கேட்டார். உசிலம்பட்டிப் பக்கம் என்றார் அவர். அறையை உறவுக்காரர் ஒருவருக்குப் பேசிவைத்திருப்பதாகச் சொல்லி அப்பா அனுப்பிவிட்டார். அந்த இளைஞருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றவர், டம்ளரை எங்கே கழுவி வைக்கட்டும் என்று அம்மாவிடம் கேட்டார். பன்னிரண்டு வயதில் கேட்ட அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அறை அதன்பிறகு நான்கு மாதம் பூட்டியே கிடந்தது.

அப்பா யாருக்கும் தீங்கு நினைக்காதவர். ஆனால் உசிலம்பட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கை தானாகவே கதவின் தாழ்ப்பாளுக்குப் போனது. அந்தப் பயத்தை அவருக்குள் விதைத்தது யார் என்று தேடித்தான் சென்ற பங்குனி மாதம் உசிலம்பட்டி அருகே உள்ள பெருங்காமநல்லூருக்குப் போனேன்.

ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினேன். நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டும்போது இடப்பக்கம் சமணர் மலை தெரிந்தது. அதன் அடிவாரத்தில்தான் கீழக்குயில்குடி. தாமரைக் குளத்தையும் சமணப் படுக்கைகளையும் பார்க்க நண்பர்களோடு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே போயிருக்கிறேன். ஆலமரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டிருக்கிறேன். பிறப்பையே குற்றமாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1914-ல் மதுரை மாவட்டத்தில் முதலில் பாய்ந்தது அந்த ஊரின் கள்ளர் சாதியினர்மீதுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மலைக் குகையின் பிராமிக் கல்வெட்டுக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது என்று சொல்லத் தெரிந்த எங்களுக்கு, அதே ஊரில் எங்கள் தாத்தா காலத்தில் நடந்ததைச் சொல்ல ஒருவரும் இல்லை.

செக்கானூரணி, கருமாத்தூர் என்று பஸ் நின்று நின்று போனது. கருவேலங்காடும் மானாவாரி நிலமுமாக இருபுறமும் வெயிலில் கிடந்தன. 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மேலூர்ப் பக்கத்தை நெல்வயலாக்கியது. உசிலம்பட்டி மேட்டு நிலத்துக்கு அது ஏறி வரவில்லை. வைகை அணையிலிருந்து 58 கிராமக் கால்வாய் வேண்டும் என்று இந்த மக்கள் பின்னாளில் எத்தனை ஆண்டு போராட வேண்டியிருந்தது என்பதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

தண்ணீர் இல்லாத இந்த நிலத்தில் கள்ளர் சாதியினர் பலருக்குச் சோறு போட்டது காவல் தொழில். ஊரின் களத்தையும் மாட்டையும் இரவில் காப்பார்கள். விளைச்சலில் ஒரு பங்கு கூலியாக வரும். பொருள் களவு போனால் காவல்காரர் மீட்டுத் தரவேண்டும், இல்லையென்றால் ஈடுகட்ட வேண்டும். கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சி வந்ததும் தன் போலீஸ் இருக்கையில் காவலுக்கு இன்னொருவர் எதற்கு என்று அதை ஒழிக்கப் பார்த்தது. காவல் கூலியை மிரட்டிப் பறிக்கும் பணம் என்றது. பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டு, பிழைக்க வழியில்லாமல் தடுமாறியவர்களைப் பார்த்து இவர்கள் பிறவித் திருடர்கள் என்று எழுதிவைத்தது. இதைவிடப் பெரிய களவு எது என்று எனக்குத் தெரியவில்லை.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வட இந்தியாவில் வந்தது. தச்சர் மகன் தச்சர், நெசவாளர் மகன் நெசவாளர், ஆகவே திருடர் மகனும் திருடர்தான் என்பது அதைக் கொண்டுவந்தவர்களின் வாதம். 1911-ல் அது திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியையோ கூட்டத்தையோ குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்புச் சரியா தவறா என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள் பத்து விரல் ரேகையையும் கொடுக்க வேண்டும். மக்கள் வாயில் அது ரேகைச் சட்டம். இரவில் காவலர் கண்முன் படுத்துக் கிடக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் சிறை. கல்யாணமான அன்று இரவிலும் மாப்பிள்ளை பாயைச் சுருட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போன கதையை இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் சொல்வார்கள்.

உசிலம்பட்டியில் இறங்கி, தெற்கே போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்து, உச்சி வெயிலில் பெருங்காமநல்லூர் சேர்ந்தேன். வேப்ப மரங்கள் பூத்திருந்தன. நினைவுத் தூணுக்கு வழி கேட்டபோது, சைக்கிளில் வந்த சிறுவன் ஒருவன் இறங்கி, தானே கூட வந்தான்.

1920 ஏப்ரல் 3. ரேகை எடுக்கப் போலீஸ் படை வந்தது. நாங்கள் உழுது பிழைக்கிறவர்கள், குற்றம் செய்தவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஊருக்கே ரேகை எதற்கு என்று ஊர் மறுத்தது. கல்லும் கம்பும் வைத்திருந்தவர்கள்மீது துப்பாக்கி பேசியது. இறந்தவர்கள் 16 பேர். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். குண்டடி பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஓடியவரைத் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள் என்கிறது ஊர். உடல்களை மாட்டு வண்டிகளில் ஏற்றி உசிலம்பட்டிக்குக் கொண்டுபோய் ஒரே குழியில் புதைத்தார்கள் என்றும், பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்திக் கூட்டிப்போனார்கள் என்றும் சொல்கிறார்கள். பஸ்ஸிலேயே எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. சித்திரை நெருங்கும் வெயிலில் அந்தச் சங்கிலி எப்படிச் சுட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே தூணின் முன் நின்றேன்.

தென்னகத்தின் ஜாலியன்வாலாபாக் என்று இந்த ஊரைச் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். எனக்கு அது உவப்பாக இல்லை. பெருங்காமநல்லூருக்குத் தன் பெயரே போதும். அமிர்தசரஸ் தோட்டத்தைப் பள்ளியில் படித்த எனக்கு, வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இருக்கும் இந்த மண்ணை ஒரு வரியாவது சொல்லித் தந்திருக்கலாம்.

சட்டம் அதோடு நிற்கவில்லை, இன்னும் 27 ஆண்டுகள் நீடித்தது. செங்கன்னூரில் பிறந்து லண்டனில் சட்டம் படித்து மதுரையில் வந்து தங்கிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார். கோட்டில் ரோஜா செருகியிருந்த அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்து, பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். பின்னர் முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. அதாவது, எங்கள் வீட்டு மாடி அறையைக் கேட்டு அந்த இளைஞர் வந்து நின்றபோது, சட்டம் செத்து 39 ஆண்டுகள் ஆகியிருந்தன. வெள்ளைக்காரர் எழுதிய பதிவேட்டை அப்பா தன் மனத்தில் புரட்டிப் பார்த்தார். அவருக்கு அடுத்து நானும் எத்தனை முறை புரட்டினேன் என்பதை எண்ணிப் பார்க்கக் கூசுகிறது.

பஸ் வர நேரமிருந்தது. தூணிலிருந்து திரும்பும் வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொன்னார் வயதான பெண்மணி ஒருவர். கேட்காமலேயே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்து முடித்த பிறகுதான் எந்த ஊர் தம்பி என்று கேட்டார். மதுரை என்றேன். முகம் மலர்ந்தது. பேரனுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறதாம், வீடு தேடி அலைகிறானாம். கேட்கிற இடத்தில் எல்லாம் ஊர்ப் பெயரைச் சொன்னதும் யோசிக்கிறார்களாம். நல்ல இடமாகத் தெரிந்தால் சொல்லுங்கள் என்றார்.

புதூர் வீட்டை அப்பா இறந்த பிறகு விற்றுவிட்டோம். இப்போது நான் இருக்கும் தெருவில் இரண்டு வீடுகள் காலியாக இருக்கின்றன. டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். பேரன் என்னைக் கூப்பிடட்டும், வீட்டுக்காரரிடம் நானே அழைத்துப் போகிறேன் என்றேன். அவர் தாளை நான்காக மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். சொம்பைக் கழுவி வைக்கலாம் என்று எழுந்தேன். வைத்துவிட்டுப் போங்கள் தம்பி, பஸ் வந்துவிட்டது என்றார்.