கங்க்: சோப்பின் பெயர் அழுக்குக்குப் போன கதை

கப்பல் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர்களுக்குப் பியூரிஃபையர் என்றதுமே மூக்கில் அந்த வாடை வந்துவிடும். கப்பலை ஓட்டும் கெட்டியான எண்ணெயான ஹெவி ஃப்யூயலை 98 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, வேகமாகச் சுழற்றி, தண்ணீரையும் கசடையும் பிரித்தெடுக்கும் இயந்திரம் அது. திறந்து டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால் நடுவில் கரேலென்று அப்பியிருக்கும் பிசுக்கு, கையை விட்டுப் போவேனா என்று நிற்கும். மானுவலில் அதற்கு ஸ்லட்ஜ் என்று பெயர். தூத்துக்குடிக்காரரான எங்கள் சீஃப் எஞ்சினியர் சனியன் என்பார். ஹூஸ்டனில் கப்பலைச் சோதிக்க ஏறிய அமெரிக்க சர்வேயர் ஒருவர்தான் ‘கங்க்’ (gunk) என்றார்.

மூக்கைச் சிந்துகிற மாதிரி ஒரு சொல். பழைய கிராமத்துச் சொல்லாக இருக்கும் என்று நினைத்துத் தேடினால், அது ஒரு சோப்பின் பெயர்! 1932இல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஏ. எஃப். கரன் என்ற கம்பெனி, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் கரைசலுக்கு வைத்த வணிகப் பெயர் கங்க். அந்த வகைக் கரைசல் கிரீஸோடு கலந்து அதை இளக்கிவிடும். அப்புறம் தண்ணீரை அடித்தால் இரண்டும் சேர்ந்து பால் போல வழிந்து ஓடும். அதே பெயரில் இன்றும் எஞ்சின் கிளீனர் விற்கிறார்கள்.

கம்பெனிப் பெயர் பொதுப்பெயர் ஆவது புதிதில்லை. நாமும் எந்த மெஷினில் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்றுதான் சொல்கிறோம். ஆனால் இங்கே நடந்தது தலைகீழ். “சட்டையெல்லாம் ஒரே சர்ஃப், துவைக்கணும்” என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? அமெரிக்கர்கள் அதைத்தான் செய்தார்கள். 1940களுக்குள் பிசுபிசுப்பான எதுவும் கங்க் ஆகிவிட்டது. இப்போது குளியலறைக் குழாயில் சேரும் முடியும் சோப்பும் கங்க், கீபோர்டு இடுக்கில் இருப்பதும் கங்க்.

பழி அந்த ஓசையின் மேல்தான் என்பது என் கட்சி. கூ (goo), க்ளாப் (glop), கங்க் என்று தொண்டையில் பிறக்கிற ககர ஒலியில் ஆங்கிலத்தில் ஒரு பிசுக்குக் குடும்பமே இருக்கிறது. பிரிட்டனில் தொலைக்காட்சி விளையாட்டில் தோற்றவர் தலையில் கொட்டும் வண்ணக் கூழுக்கு கஞ்ச் என்று பெயர். சுத்தமான பொருளுக்கு இப்படிப் பெயர் வைத்தால் அது எத்தனை நாள் சுத்தமாக இருக்கும்?

இந்தக் குடும்பத்தில் ‘கூ’வுக்குக் கடல் தொடர்பு உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள். பாய்மரக் கப்பல்களில் மாலுமிகளுக்கு ஊற்றிய ஓட்ஸ் கூழுக்கு பர்கூ என்று பெயர். அதன் வால்தான் கூ என்பது அவர்கள் ஊகம். எங்கள் கப்பல் சமையல்காரர் காலையில் போட்ட ஓட்ஸைச் சாப்பிட்டவன் என்ற முறையில் நான் அவர்கள் பக்கம்தான்.