பார்ட் டூ ஆர்டரில் ஏறாதவர்கள்

பட்டாளத்தில் நான் துப்பாக்கியைவிட அதிகம் பிடித்தது பேனாவை. கிளார்க் வேலை. ஒரு ஜவானுக்குக் கல்யாணமானால் அதை அவன் ஆவணத்தில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டர் போட வேண்டும், குழந்தை பிறந்தாலும் போட வேண்டும். அதில் ஏறினால்தான் குடும்பக் குவார்ட்டர்ஸ், மனைவிக்கு ராணுவ ஆஸ்பத்திரி, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் குடும்ப ஓய்வூதியம். எங்கள் செட்டிநாட்டில் நகரத்தார்கள் கல்யாணமான பிறகுதான் கோயில் கணக்கில் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம், ஆவார்கள். பட்டாளக் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான்.

இப்போது காரைக்குடியில் முன்னாள் படைவீரர்களுக்கு ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் உயிர்ச்சான்று, பென்ஷன் திருத்தம் என்று எழுதிக் கொடுக்கிறேன். லீவில் வந்திருந்த ஒரு பையன், கூட்டம் கலையும்வரை வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்தான்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு ஆயிட்டா அம்மாவத் தவிர வேற யாருக்கும் ஏதாவது போகுமா?"

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களா தம்பி?"

"இல்லண்ணே. ஃபிரண்டு. ஏழெட்டு வருசமா ஒண்ணாத்தான் இருக்கோம்."

மேஜையில் கிடந்த ஸ்டாம்ப் பேடை மூடி மூடித் திறந்தான். எனக்குப் புரிந்துவிட்டது.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தந்த 377 தீர்ப்பு, ஒருபால் உறவு குற்றமில்லை என்றது, அவனுக்குத் தெரியும். அது தனக்கும் சேர்த்துத்தானே என்றான். அங்கேதான் சிக்கல். 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் தனியாக நிற்கிறது. அதன் 46-ஆம் பிரிவில் இயற்கைக்கு மாறான இழிநடத்தைக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தீர்ப்பு வந்த நாலே மாதத்தில், 2019 ஜனவரியில், அப்போதைய தளபதி பிபின் ராவத் ராணுவத்துக்குள் இதை அனுமதிக்க மாட்டோம் என்று பத்திரிகையாளர்களிடமே சொல்லிவிட்டார்.

சரி, தண்டனைப் பிரிவு போனால் எல்லாம் சரியாகிவிடுமா? படையில் ஒருபால் ஈர்ப்பாளர்களுக்கு இருந்த தடையை பிரிட்டன் 2000 ஜனவரியில் நீக்கியது. அமெரிக்கா 2011 செப்டம்பரில் நீக்கியது. ஆனால் அமெரிக்கச் சிப்பாயின் துணைக்கு அடையாள அட்டையும் மருத்துவச் சலுகையும் முழுசாகக் கிடைத்தது 2013-ல், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும்தான் என்ற சட்டப் பிரிவை அங்கே உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகுதான். கிளார்க்காக இருந்தவனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தடை போவது ஒன்று, படிவத்தில் பெயர் ஏறுவது வேறு. நம் நாட்டில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்துக்கு அங்கீகாரம் மறுத்ததோடு அந்த வழியும் இப்போதைக்கு அடைபட்டுவிட்டது.

அதனால் முடிந்ததை மட்டும் சொன்னேன். குடும்ப ஓய்வூதியம் அந்த ஃபிரண்டுக்குப் போகாது. உயில் எழுதலாம். பாங்கில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், நாமினியாகவும் போடலாம். இப்படிப்பட்ட துணைகளுக்கு அதில் தடையில்லை என்று நிதி அமைச்சகமே 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியிருக்கிறது. யூனிட்டில் யாரிடமும் எழுத்தில் எதுவும் கொடுக்காதே என்றும் சொன்னேன். ஒரு கிளார்க் வாயில் வரக்கூடாத வார்த்தை அது.

பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், இதையெல்லாம் விட்டால் ஒழுங்கு கெட்டுப்போகும் என்பார். ஒழுங்கு நடவடிக்கை ஃபைல்களைத் தைத்துக் கட்டியவன் நான். லீவு முடிந்தும் திரும்பாதவன், ரம்மைப் போட்டுவிட்டு அடித்துக்கொண்டவன், கடன் வாங்கி மாட்டியவன், இவர்கள்தான் அதில் இருந்தார்கள். இதைச் சொன்னால் சுபேதார் பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.