ஆவுளியாவும் கடலடிச் சம்மட்டியும்

மன்னார் வளைகுடாவில் கடற்காற்றாலைகள் அமைப்பது பற்றிப் பேசப்படும்போதெல்லாம் மின்சாரக் கணக்கே முன்னால் வருகிறது. காற்றாலையை நிறுத்தக் கடலடியில் சம்மட்டியால் தூண் அறையும் ஓசை, கடற்பசு எனப்படும் ஆவுளியா போன்ற விலங்குகளைப் பாதிக்கும் என்பதை எவரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் பாயும் என்பதை நினைத்தால், இது சிறிய விஷயமன்று.

பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, தூண் அறையத் தொடங்குமுன் பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர் 500 மீட்டர் தொலைவு வரையிலான கடற்பரப்பைக் குறைந்தது 30 நிமிடம் பார்த்து, விலங்கு எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே, சம்மட்டியின் விசையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். இருட்டிலும் மூடுபனியிலும், நீருக்கடியில் விலங்குகளின் ஒலியைக் கேட்க உதவும் நீரொலி வாங்கிகள் கைகொடுக்கும்.

இடைவிடாது சொடுக்கொலி எழுப்பி இரை தேடும் ஓங்கிலுக்கு (டால்பின்) இம்முறை பொருந்தும். ஆவுளியாவின் நிலை வேறு. கடற்புல் மேயும் அவ்விலங்கு எப்போதாவது கீச்சிடுமே தவிர, எதிரொலியைக் கொண்டு வழி தேடுவதில்லை. மூச்சு வாங்க வரும்போதும் மூக்குத் துளைகள் மட்டும் ஓரிரு நொடி தெரிந்து மறையும். கச்சான் காற்றில் கடல் நுரைத்திருக்கும் நாளில் தேர்ந்த கண்ணுக்கும் அது அகப்படாது. போதாக்குறைக்கு, நம் பவளப்பாறைப் பகுதிகளில் நீரொலி வாங்கியை இறக்கினால், எண்ணெயில் கடுகு பொரிவதுபோலச் சொடுக்கு இறால்களின் ஓசையே காதை நிறைக்கும். அதன்மேல் விசைப்படகுகளின் உறுமல் வேறு.

எனவே பிரிட்டனின் வடகடல் விதிகளை அப்படியே நம் மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள மண்டபத்தில் கொண்டுவந்து ஒட்டுவது போதாது என்பதே என் கருத்து. கடற்புல் படுகைகளிலிருந்து விலகிய இடத்தேர்வும், சம்மட்டியைச் சுற்றி ஓசையைத் தணிக்கும் காற்றுக்குமிழித் திரையும், மேய்ச்சல் இடங்களை அறிந்த நாட்டுப்படகு மீனவர்களுக்குக் கண்காணிப்பாளர் வேலையும், அதற்குரிய ஊதியமும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.