எண்ணிப் பார்த்துவிட்டு எழுத வேண்டிய நாடு

நாளிதழின் வெளிநாட்டுப் பக்கத்துக்கு லெபனான் செய்தி வந்து சேரும்போது மாலையாகிவிடும். ஏஜென்சி காப்பியில் பத்துப் பத்தி இருக்கும், பக்கத்தில் மூன்று பத்திக்குத்தான் இடம். வெட்டத் தொடங்கும் கை பழக்கத்தில் முதலில் எண்களைத்தான் தேடும். லெபனான் செய்தியில் கடைசிவரை காப்பாற்ற வேண்டியது அந்த எண்களை. அங்கே யார் வென்றார், எந்த அரசு கவிழ்ந்தது, எது வெறும் மிரட்டல் என்பதையெல்லாம் கணக்குதான் சொல்லும்.

கணக்கின் ஆதாரம் 1932இல் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் அந்த ஆண்டு எடுத்ததுதான் லெபனானின் கடைசி அதிகாரபூர்வ மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில் கிறிஸ்தவர்கள் சற்றே கூடுதலாக வந்தார்கள். 1943இல் மரோனைட் தலைவர் பிஷாரா அல் கூரியும் சுன்னித் தலைவர் ரியாத் அல் சுல்ஹும் பேசி முடித்த தேசிய உடன்பாட்டின்படி குடியரசுத் தலைவர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி முஸ்லிம். சபாநாயகர் பதவி ஷியாக்களுக்கு என்பதும் சில ஆண்டுகளில் வழக்கமாக நிலைத்துவிட்டது. இதை ‘அரசியல் சட்டப்படி’ என்று எழுதுவது நம் பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை. மூன்று பதவிகளும் எந்த மதப் பிரிவுக்கு என்று அரசியல் சட்டத்தில் எங்கும் இல்லை. ‘மரபுப்படி’ என்பதே சரி.

நாடாளுமன்றத்தில் அன்று 6 கிறிஸ்தவருக்கு 5 முஸ்லிம் என்று விகிதம் வைத்தார்கள். அதனால்தான் பழைய லெபனான் நாடாளுமன்றங்களின் இடங்கள் எப்போதும் 11ஆல் வகுபட்டன: 55, 77, 44, 66, கடைசியாக 99. பழைய செய்தியைச் சரிபார்க்கும்போது இது கைகொடுக்கும். 1975க்கு முந்தைய கட்டுரையில் 100 உறுப்பினர் என்று இருந்தால் யாரோ முழு எண்ணாக்கிவிட்டார்கள் என்று பொருள். 1989 அக்டோபரில் சவூதியின் தாயிஃப் நகரில் கூடிப் பேசி விகிதத்தைச் சரிபாதியாக்கினார்கள். அங்கே போனவர்கள் 1972இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். உள்நாட்டுப் போர் காரணமாக அந்த அவையே 1992 வரை நீட்டிக்கப்பட்டு, இருபது ஆண்டுகள் இருந்தது. இன்றைய 128 இடங்களில் கிறிஸ்தவர் 64, முஸ்லிம் 64. உள்பங்கீடு: மரோனைட் 34, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் 14, கிரேக்க கத்தோலிக்கர் 8, ஆர்மேனியர் 6, மற்றக் கிறிஸ்தவர் 2, சுன்னி 27, ஷியா 27, த்ரூஸ் 8, அலவி 2. இந்தப் பட்டியலை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடலாம்.

குடியரசுத் தலைவர் தேர்தலில்தான் அதிகம் சறுக்குகிறோம். வாக்களிப்பது மக்கள் அல்ல, அந்த 128 பேர். முதல் சுற்றில் வெல்ல மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 86 வேண்டும். அடுத்த சுற்றிலிருந்து 65 போதும். ஆனால் எந்தச் சுற்று நடக்கவும் அவையில் 86 பேர் இருந்தாக வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. இந்தப் பூட்டைப் புரிந்துகொள்ளாமல் லெபனான் செய்தி எழுதவே முடியாது. 43 பேர் எழுந்து வெளியே போனால் தேர்தல் நின்றுவிடும்.

2023 ஜூன் 14 அன்று குடியரசுத் தலைவர் வேட்பாளர்களில் ஜிஹாத் அஸூருக்கு 59 வாக்கு, சுலைமான் ஃபிராஞ்சியேவுக்கு 51. இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்தால் ‘அஸூர் வெற்றி’ என்றே தலைப்பு தோன்றும். அன்று யாரும் வெல்லவில்லை. முதல் சுற்று முடிந்ததும் உறுப்பினர்கள் வெளியேறினார்கள், கோரம் (அவை நடக்கத் தேவையான வருகை) போயிற்று, நாற்காலி காலியாகவே இருந்தது. ‘86’ என்ற எண் இல்லாமல் அந்தச் செய்தியை வாசகருக்குப் புரியவைக்க வழியே இல்லை. 2025 ஜனவரி 9 அன்று ஜோசப் அவுன் காலையில் பெற்றது 71. பதவியிலிருக்கும் ராணுவத் தளபதி குடியரசுத் தலைவராவதற்கு அரசியல் சட்டத்தின் 49ஆம் பிரிவு தடையாக இருப்பதால் அவருக்கு 86 வேண்டும் என்ற வாதம் இருந்தது. இடைவேளையில் பேச்சு நடந்தது. ஷியா கட்சிகளான ஹிஸ்புல்லா, அமல் வாக்குகள் வந்து சேர, இரண்டாம் சுற்றில் 99. அந்த இடைவேளைதான் அன்றைய செய்தியின் உயிர். அதை வெட்டிவிட்டு 99ஐ மட்டும் போட்டால் ஏகமனதான ஆதரவு போலத் தோன்றிவிடும்.

பிரதமர் விஷயத்தில் பிழை வேறு மாதிரி. குடியரசுத் தலைவர் உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டு ஒருவரை ஆட்சி அமைக்க அழைப்பார். அழைக்கப்பட்ட அன்றே ‘புதிய பிரதமர் பதவியேற்பு’ என்று போட்டுவிடுகிறோம். நவாஃப் சலாம் 2025 ஜனவரி 13 அன்று அழைக்கப்பட்டார். 24 பேர் அமைச்சரவை பிப்ரவரி 8இல் அமைந்தது, நம்பிக்கை வாக்கு பிப்ரவரி 26இல். இது லெபனானுக்கு மிக வேகம். சஅத் ஹரீரி 2020 அக்டோபர் 22 அன்று அழைக்கப்பட்டு, அமைச்சரவை அமைக்க முடியாமல் 2021 ஜூலை 15 அன்று விலகிக்கொண்டார். அந்த ஒன்பது மாதமும் அவரைப் பிரதமர் என்று எழுதிய பக்கங்கள் உண்டு. நாட்டை நடத்தியது ஹசன் தியாபின் காபந்து அரசு. ‘காபந்து’ என்ற நல்ல சொல் தமிழ்ப் பத்திரிகையில் நெடுங்காலமாக இருக்கிறது, தயங்காமல் எழுதலாம்.

அமைச்சர்கள் விலகும் செய்தி வந்தால் உடனே அமைச்சரவையின் மொத்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் அரசே விலகியதாகக் கொள்ள வேண்டும் என்கிறது 69ஆம் பிரிவு. 2011 ஜனவரி 12 அன்று, அன்றைய பிரதமர் ஹரீரி வாஷிங்டனில் ஒபாமாவைச் சந்தித்த நாளில், 30 பேரில் 11 பேர் விலகினார்கள். பத்துப் பேர் ஹிஸ்புல்லா அணி. பத்தோடு நின்றிருந்தால் சரியாக மூன்றில் ஒன்று, அரசு பிழைத்திருக்கும். பதினோராமவர் குடியரசுத் தலைவரின் ஒதுக்கீட்டில் வந்தவர். ‘11 அமைச்சர்கள் விலகல்’ என்பது அன்று தவறான தலைப்பு. ‘லெபனான் அரசு கவிழ்ந்தது’ என்பதே தலைப்பு.

பெயர்களிலும் குழிகள் உண்டு. ‘லெபனான் படைகள்’ என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் வாசகர் ராணுவம் என்று நினைப்பார். அது போர்க்கால ஆயுதக் குழுவாக இருந்து கட்சியான ஒரு கிறிஸ்தவ அமைப்பின் பெயர். ‘லெபனிஸ் ஃபோர்சஸ் கட்சி’ என்று எழுதி, ராணுவத்தை ராணுவம் என்றே எழுதுவது பாதுகாப்பு. கதாயிபும் ஃபலாஞ்சும் ஒரே கட்சி. ஒரே பத்தியில் இரண்டும் வந்து இரண்டு கட்சிகளாகிவிடுவதுண்டு. மிஷேல் அவுன், ஜோசப் அவுன் இருவரும் ராணுவத் தளபதியாக இருந்து குடியரசுத் தலைவரானவர்கள், ஆனால் உறவினர்கள் அல்ல. முதல் பெயரை விடவே கூடாது. 2000இல் ஐ.நா. வரைந்த ‘நீலக்கோடு’ இஸ்ரேல் பின்வாங்கியதைச் சரிபார்க்கும் கோடுதான். அதை எல்லை என்று எழுதக் கூடாது.

1975 முதல் 1990 வரையிலான போரை ‘கிறிஸ்தவ–முஸ்லிம் போர்’ என்று இரண்டு சொல்லில் முடிப்பது எளிது. இடம் நெருக்கும்போது எல்லாருக்கும் அந்த ஆசை வரும். 1976இல் சிரியப் படை நுழைந்தது பாலஸ்தீன, இடதுசாரிக் கூட்டணியிடம் தோற்றுக்கொண்டிருந்த மரோனைட் தரப்பைத் தாங்க. 1988இல் அமலும் ஹிஸ்புல்லாவும் மோதியது ஷியாக்களுக்குள். 1990இல் மிஷேல் அவுனின் ராணுவப் பிரிவும் லெபனிஸ் ஃபோர்சஸும் கிழக்கு பெய்ரூட்டை நாசமாக்கியது மரோனைட்டுகளுக்குள். குறைந்தபட்சம் ‘பல தரப்புகள்’ என்று எழுதினால் உண்மைக்குப் பக்கத்திலாவது நிற்போம்.

எண்ணிக்கைக்குள் வராதவர்களை நாமும் விட்டுவிடக் கூடாது. பாலஸ்தீன அகதிகளுக்கு அந்த 128இல் இடம் கிடையாது. நம் வாசகர்களுக்கு நெருக்கமானவர்கள் அங்கே வீட்டுவேலைக்குப் போன இலங்கைப் பெண்கள். பணிப்பெண் எந்த நாட்டவராக இருந்தாலும் ‘ஸ்ரீலங்கியே’ என்று பேச்சுவழக்கில் அழைக்கும் அளவுக்கு அவர்கள் அங்கே இருந்தார்கள். 2006இல் இஸ்ரேலுடன் நடந்த போரில் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் இந்தியர்களோடு இலங்கையரையும் நேபாளிகளையும் ஏற்றி வந்தன. குண்டுவீச்சுச் செய்தி வந்தால் இவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டு ஒரு வரியாவது சேர்ப்பது நம் மேசையின் கடமை.

1975–90 உள்நாட்டுப் போரில் இறந்தவர்கள் சுமார் ஒன்றரை லட்சம், காணாமல் போனவர்கள் சுமார் 17,000 என்று பொதுவாக எழுதுகிறோம். இரண்டிலும் ‘சுமார்’ இருந்தே ஆக வேண்டும். 1991இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. காணாமல் போனவர்களைத் தேட ஆணையம் அமைக்கும் சட்டம் வந்தது 2018இல்தான். இடையில் 2005இலிருந்து பெய்ரூட்டில் ஐ.நா. அலுவலகத்துக்கு எதிரே கூடாரம் போட்டு, படங்களைக் கையில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஏப்ரல் 13, போர் தொடங்கிய நாள். ஒவ்வோர் ஆண்டும் அன்று ஏஜென்சியில் ஒரு சிறு செய்தியும், படம் ஏந்திய ஒருவரின் புகைப்படமும் வரும். இடம் இல்லை என்று ஒதுக்குவதற்கு முன்னால், அந்தப் படத்துக்குள் இருக்கும் படத்தைப் பெரிதாக்கி, அதில் எழுதியிருக்கும் ஆண்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.