"மாஸ்க் போடவே மாட்டேங்கறாங்க சார்"

இந்த டயலாக்கை நான் எத்தனை தடவ சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல. கட்டட சைட்ல சேஃப்டி மீட்டிங் நடக்கும், யாராச்சும் கல்லு, கான்கிரீட் வெட்டறப்ப வர்ற தூசி பத்தி ஆரம்பிப்பாங்க, நான் உடனே "மாஸ்க் எல்லாம் குடுத்தாச்சு சார், இவங்கதான் போட மாட்டேங்கறாங்க"ன்னு கைய விரிச்சுடுவேன், பேச்சு அடுத்த விஷயத்துக்கு போயிடும். ஸ்டோர்ல மாஸ்க் பெட்டி இருக்கு, ரெஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு, அப்புறம் என் மேல என்ன தப்பு? சைட் இன்ஜினியரா பல வருஷம் இப்படியே ஓட்டியாச்சு.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு ரூமுக்குள்ள அளவு எடுக்க போனேன். வயரிங்குக்கு சுவத்துல காடி வெட்டிட்டு ஆளுங்க கிளம்பி முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும், லைன் கட் பண்ணி வெச்சிருந்தாங்க, அதனால போன் டார்ச்ச போட்டேன். பாத்தா ரூம் முழுக்க மினுமினுன்னு மிதக்குது. வேலை நின்னு இவ்ளோ நேரமாச்சு, காத்தும் இல்ல, ஒண்ணு கூட கீழ இறங்கின மாதிரி தெரியல. நான் பாட்டுக்கு அதுக்குள்ள நின்னு அளவு எடுத்துட்டு இருக்கேன். டார்ச்ச அணைச்சேன், ரூம் சுத்தமா இருக்கு. திரும்ப போட்டேன், மினுமினு. சின்னப் பையன் மாதிரி நாலஞ்சு தடவ போட்டு போட்டு அணைச்சேன்.

அப்புறம் படிச்சுப் பாத்தாதான் தெரியுது, தூசி எங்கேருந்து கிளம்பி எங்க போகுதுன்னு பாக்கறதுக்கு தொழில்முறையா செய்யறவங்களே இப்படித்தான் பலமான லைட்ட ஒரு பக்கத்துல இருந்து அடிச்சு பாப்பாங்களாம். சாதாரண வெளிச்சத்துல கண்ணுக்கு தெரியற தூசி பெருசு, அது மூக்குலயும் தொண்டையிலயும் மாட்டிக்கும், துப்பிடலாம். நுரையீரலோட அடி வரைக்கும் போறது 10 மைக்ரானுக்கு கீழ இருக்கறது, அதுலயும் 4 மைக்ரானுக்கு கீழனா நேரா காத்துப் பைக்கே போயிடும். நம்ம தலைமுடி சுமாரா 70 மைக்ரான் தடிமன், நீங்களே ஒப்பிட்டுக்கோங்க. ஒரு மணல் பரல்ல நூத்துல ஒரு பங்கு சைஸ்தான் இந்த சமாசாரம்.

இந்த தூசியில ஆபத்தான சமாசாரத்துக்கு பேரு சிலிக்கா. ஏதோ கெமிக்கல்னு நெனச்சுக்க வேணாம், மணல்ல இருக்கற குவார்ட்ஸ்தான் அது. மணற்கல்லுல 70லருந்து 90 சதவீதம் இருக்கும், கான்கிரீட்லயும் சாந்துலயும் கலவைய பொறுத்து 25லருந்து 70 வரைக்கும், டைல்ஸ்ல 30, 40, கிரானைட்ல சுமாரா 30. மார்பிள்ல ரொம்ப கம்மி, 2 சதவீதம் அளவுதான். கல்லா, கலவையா சும்மா கெடக்கற வரைக்கும் அதால ஒரு தொந்தரவும் இல்ல. பிரச்சனை எப்ப ஆரம்பிக்குதுன்னா, நிமிஷத்துக்கு பத்தாயிரம் சுத்துக்கு மேல சுத்தற கிரைண்டர் பிளேட அது மேல வெக்கறோம் பாருங்க, அப்ப. புதுசா ஒடஞ்ச துகளோட பரப்பு இன்னும் வீரியமா இருக்கும்னு சொல்றாங்க.

உள்ள போனதும் என்ன நடக்குதுன்னா, நுரையீரல்ல குப்பை பொறுக்கற வேலைக்குன்னே மேக்ரோஃபேஜ்னு செல் இருக்கு, அது வந்து துகள முழுங்கும். கிருமின்னா ஜீரணம் பண்ணிடும், இது கல்லாச்சே, ஜீரணம் ஆகாது, செல் செத்துப் போய் உள்ள இருந்த எல்லாத்தையும் வெளிய கொட்டிடும், துகள் அப்படியே முழுசா இருக்கும், அடுத்த செல் வந்து அதையே முழுங்கும், அதுவும் சாகும். இது வருஷக்கணக்கா ஓடும். சுத்தி இருக்கற சதை புண்ணாகி, தழும்பாகி, இறுகிடும். இதுதான் சிலிகோசிஸ். தூசி இல்லாத வேலைக்கு மாறினப்புறமும் கூட தழும்பு வளர்ந்துட்டே போகலாம், அதுதான் இதுல கொடுமை. குணமாக்க மருந்து கிடையாது. கூடவே டிபி வர வாய்ப்பு பல மடங்கு ஏறுது, 1997லயே உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு இந்த சிலிக்கா தூசிய நிச்சயமா கேன்சர் வரவைக்கற பட்டியல்ல சேத்தாச்சு.

சாதாரணமா பத்து வருஷத்துக்கு மேல ஆகும் வெளிய தெரிய. தூசி அளவு பயங்கரமா இருந்தா சில மாசத்துலயே கூட வரும்.

இப்ப என் கதைக்கு வரேன். ஃபினிஷிங் ஸ்டேஜ், ஓனர் வந்து பாக்கறதுக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. வாசல்படி கல்லு கொஞ்சம் நீளமா வந்துடுச்சு, ஓரத்துல வெட்டணும். மேஸ்திரி வந்து "சார், தண்ணி விட்டு வெட்டிடறேன், கொஞ்சம் நேரம் ஆகும், பரவால்லயா?"ன்னு கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணே, தண்ணியெல்லாம் வேணாம்ணே, இப்பதான் பாலிஷ் போட்டிருக்கு, சேறு இறங்கிடுச்சுன்னா செத்தோம். சும்மா வெட்டுங்க, ரெண்டு நிமிஷ வேலைதானே." அவர் ஒண்ணும் பேசல, தோள்ல கெடந்த துண்ட மூக்குல கட்டினார், வெட்டினார். முடிச்சுட்டு துண்ட அவுத்து உதறினார், கட்டியிருந்த மடிப்புக்கு உள்பக்கமும் வெள்ளையா இருந்துச்சு. மூக்கு ஓட்டை ரெண்டுக்கு நேரா ரெண்டு வட்டம். அப்ப எனக்கு அது சிரிப்பா இருந்துச்சுன்னு சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

தண்ணி விட்டு வெட்டணும்னு கேட்டது அவர், வேணாம்னது நான். ஆனா அடுத்த மீட்டிங்ல "இவங்கதான் மாட்டேங்கறாங்க"ன்னு சொன்னதும் நான்தான். இந்தப் பதிவே இதுக்காகத்தான் எழுதறேன், மீதி எல்லாம் இதோட வால்.

தண்ணிய பத்தி கொஞ்சம் விலாவாரியா பேசலாம். பிளேடும் கல்லும் உரசுற எடத்துலயே தண்ணி விழணும், அங்கதான் தூசி பொறக்குது, பொறந்து பறந்தப்புறம் ஸ்ப்ரே பண்ணா பெருசா பிரயோஜனம் இல்ல. பிரிட்டன்ல கான்கிரீட் வெட்டற பெரிய கட் ஆஃப் மெஷினுக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டர் தண்ணியாவது போகணும்னு சொல்லி வெச்சிருக்காங்க. அரை லிட்டர்ங்கறது பெரிய விஷயமே இல்ல, ஆனா நிக்காம வரணும். நம்மாளுங்க பண்ற மாதிரி பாட்டில் மூடியில ஓட்டை போட்டு ஹெல்ப்பர் பீச்சறது இருக்கே, அதுல ரெண்டு கோளாறு: பாதி நேரம் தண்ணி பிளேடு மேல விழாது, இன்னொண்ணு, தண்ணிக்குன்னு செய்யாத சாதாரண கரண்ட் கிரைண்டர் மேல தண்ணி ஊத்துறது உயிருக்கே ஆபத்து. நுரையீரல காப்பாத்த போய் ஷாக் அடிச்சு போயிடக் கூடாது. தண்ணி கனெக்‌ஷனோட வர்ற மெஷின்தான் வேணும், லைன்ல ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா உடனே லைன கட் பண்ற ஸ்விட்ச்) இருக்கணும், அது டிரிப் ஆகுதான்னு டெஸ்ட் பட்டன அமுக்கி பாத்திருக்கணும்.

அந்த சேறு காஞ்சா திரும்பவும் தூசிதான். ஈரமா இருக்கும்போதே வழிச்சு எடுத்துடணும், நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டா நாளைக்கு அது மேல நடந்து நாமளே கிளப்பி விடுவோம்.

ஈரமா துளை போட்டா தூசி அடங்கும்ங்கறது இன்னிக்கு நேத்து கண்டுபிடிச்சதும் இல்ல. 1930ல அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியாவுல ஹாக்ஸ் நெஸ்ட்னு ஒரு எடத்துல ஆத்துத் தண்ணிய திருப்ப மலைக்குள்ள 3 மைலுக்கு சுரங்கம் வெட்டினாங்க. அந்தப் பாறை பூரா கிட்டத்தட்ட சுத்தமான சிலிக்கா. தண்ணி விட்டு துளை போடற முறை அப்பவே எல்லாருக்கும் தெரியும், ஆனா உலர்வா போட்டா வேகமா போகும்னு அப்படியே போட்டாங்க. சுரங்கத்துக்குள்ள வேலை பாத்தவங்க சுமார் 3000 பேர், பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளிங்க. ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துலயே சாக ஆரம்பிச்சாங்க. 1936ல அவங்க பார்லிமெண்ட்ல விசாரணை நடந்தப்ப 476 பேர்னு கணக்கு வந்துச்சு, பின்னாடி ஒரு டாக்டர் ஆராய்ஞ்சு 764ன்னு மதிப்பிட்டார். படிக்கும்போது எனக்கு ஓனர் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நான் சொன்ன "சும்மா வெட்டுங்க"தான் காதுல கேட்டுச்சு. அளவுதான் வேற, காரணம் ஒண்ணேதான், டைம் இல்ல.

தண்ணி விட முடியாத எடம் நெறைய இருக்கு, ஒத்துக்கறேன். உள்ளுக்குள்ள சுவத்துல காடி வெட்டறப்ப தண்ணி விட்டா பூச்சு நனைஞ்சு வேற பஞ்சாயத்து வரும். அங்கதான் தூசி உறிஞ்சற வேக்கும் மெஷின். பிளேட சுத்தி ஒரு கவர், அதுலேருந்து ஹோஸ், தூசிய அங்கயே உறிஞ்சிடும். வீட்டு வேக்கும் கிளீனர் மாட்டினா மோட்டாரும் போகும், நுண்ணிய தூசி பின்பக்கமா அப்படியே வெளிய வந்துடும், உள்ள இருந்ததவிட நல்லா சலிச்ச தூசியா வரும்னு வெச்சுக்கோங்க. அமெரிக்காவோட தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு ஓஷா, அதோட விதியில ஒரு கணக்கு இருக்கு, கிரைண்டர் பிளேடு விட்டம் ஒவ்வொரு இன்ச்சுக்கும் நிமிஷத்துக்கு 25 கன அடி காத்து உறிஞ்சணும். 5 இன்ச் பிளேடுன்னா 125. ஃபில்டர் 99 சதவீதமாவது பிடிக்கணும், அடைச்சுக்காம இருக்க அதையே தட்டி சுத்தம் பண்ற ஏற்பாடோ, முன்னாடி ஒரு சைக்ளோனோ (காத்த சுழல விட்டு தூசிய தனியா பிரிக்கற டப்பா) இருக்கணும். கவர் சுவத்தோட ஒட்டி இருக்கணும், மார்க்கிங் தெரியலன்னு கவர தூக்கிட்டு வெட்டுனா எல்லாம் வீண்.

அந்த ஓஷா 2016ல கொண்டு வந்த விதியில சிலிக்கா தூசிக்கு உச்சவரம்பு 8 மணி நேர சராசரியா ஒரு கன மீட்டர் காத்துக்கு 50 மைக்ரோகிராம். ஒரு ஷிஃப்டுல உழைக்கற ஆள் சுமாரா 10 கன மீட்டர் காத்து இழுப்பார்னு வெச்சா நாளைக்கு அரை மில்லிகிராம் வருது. ரெண்டு விரல்ல எடுக்கற ஒரு சிட்டிகை உப்புல ஒரு துளி கூட இல்ல. இத எந்த மேஸ்திரியும் கண்ணால பாத்து "இன்னிக்கு அதிகம், கம்மி"ன்னு சொல்ல முடியாது, இடுப்புல சின்ன பம்ப்பும் காலர்ல அதோட ஃபில்டரும் மாட்டி அளந்து பாத்தாதான் உண்டு. அதனாலயே அந்த விதியில ஒரு அட்டவணை இருக்கு, இந்த மெஷினுக்கு இந்த தண்ணி, இந்த உறிஞ்சல், இத்தனை மணி நேரம்னா இந்த மாஸ்க், அப்படியே செஞ்சா அளக்கவே வேணாம். சைட்ல வேலை பாத்த யாரோதான் இத எழுதியிருக்கணும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

சரி மாஸ்க். என்95 ஒழுங்கா முகத்துல ஒட்டி இருந்தா உள்ள போற தூசி பத்துல ஒரு பங்கா குறையும்னு கணக்கு வெச்சுக்கறாங்க. தண்ணியும் இல்லாம வேக்குமும் இல்லாம மூடின ரூம்ல வெட்டினா தூசி வரம்ப விட பல பத்து மடங்கு போகும், அத பத்தால வகுத்தாலும் மிச்சம் ஜாஸ்திதான். தாடி இருந்தா ஒட்டாது, இடுக்கு வழியா வந்துடும். துண்டு, கைக்குட்டை, சர்ஜிக்கல் மாஸ்க் இதெல்லாம் கணக்குலயே வராது. அதோட வேர்த்து ஊத்தற வேலையில எட்டு மணி நேரம் அத மாட்டிட்டு இருந்து பாருங்க, நான் இருந்து பாத்தேன், ஒண்ணரை மணி நேரம் தாங்கல. போட மாட்டேங்கறாங்கன்னு அதுக்கப்புறம் நான் சொல்றதில்ல.

எல்லாத்துக்கும் மேல, வெட்டாம இருந்தாலே முக்கால்வாசி போச்சு. ஸ்லாப் கான்கிரீட் போடறதுக்கு முன்னாடியே பைப்ப சரியா வெச்சா அப்புறம் ஒடைக்க வேணாம். கல்லு சரியான அளவுல ஆர்டர் பண்ணா வாசல்ல வெட்ட வேணாம். டைல்ஸ்ல நேர் கட்டிங்குக்கு கீறி ஒடைக்கற கை கட்டர் போதும், தூசி பெருசா வராது. கிச்சன் மேடைக்கு போடற செயற்கை குவார்ட்ஸ் கல்லு இருக்கே, சிலதுல 90 சதவீதத்துக்கு மேல சிலிக்கா, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1லருந்து அத செய்யறது, விக்கறது, பொருத்தறது எல்லாத்தையும் தடை பண்ணிடுச்சு. இதெல்லாம் டிராயிங்லயும் ஆர்டர்லயும் நடக்கற முடிவு, கிரைண்டர் பிடிக்கறவர் கையில ஒண்ணும் இல்ல.

சாயங்காலம் உலர் தொடப்பத்தால கூட்டறது, கம்ப்ரசர் காத்த அடிச்சு சட்டைய தட்டறது ரெண்டையும் நிறுத்துங்க, பகல் பூரா அடக்கினத ஒரே நிமிஷத்துல கிளப்பி விடற வேலை. அந்த சட்டையோட வீட்டுக்கு போய் கொழந்தைய தூக்கறதும் வேணாம், சைட்லயே மாத்திக்க எடம் குடுங்க. டாக்டர்கிட்ட இருமலுக்கு போனா இத்தனை வருஷம் கல்லு வெட்டற வேலைன்னு முதல்லயே சொல்லணும், இல்லன்னா எக்ஸ்ரேய பாத்து டிபின்னு மட்டும் நெனச்சு மாத்திரை குடுத்து அனுப்ப வாய்ப்பு இருக்கு.

போன மாசம் வேக்கும் கவர் மாட்டி முதல் தடவையா காடி வெட்டினோம். முடிஞ்சதும் லைட்ட அணைக்க சொல்லி டார்ச் அடிச்சேன். சுத்தமா இல்லன்னு சொல்ல மாட்டேன், அங்கங்க ரெண்டு மினுங்குச்சு, பழைய ரூமோட பாத்தா ஒண்ணுமே இல்ல. வெட்டின தம்பியும் பக்கத்துல வந்து நின்னு பாத்தான். "பரவால்லயே சார். ஆனா அந்தப் பை ரொம்பிடுச்சு, அத யாரு மாத்தறது?"

எல்லாம் பிளான் பண்ணேன், இத யோசிக்கவே இல்ல. பைய கழட்டறப்ப மொத்த தூசியும் மூஞ்சிக்கு நேரா இருக்கும். வாய இறுக்கி கட்டி, இன்னொரு கவருக்குள்ள போட்டு, வெளியில வெச்சுதான் மாத்தணும். அன்னிக்கு நான்தான் மாத்தினேன், மாஸ்க் போட்டுக்கிட்டு.